உடைத்த கையே அள்ளட்டும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



ஒரு சின்னக் கணக்கு போட்டுவிட்டுப் பேச்சுக்குப் போகலாம். ஐந்தடிக்கு ஏழடி குளியலறை. சென்னையில் பழைய அடுக்குமாடி வீடுகளில் இந்த அளவு சகஜம். தரையிலும், சுவரில் ஏழடி உயரத்துக்கும் ஒட்டியிருக்கிற பழைய டைல்ஸை உடைத்து எடுத்தால் எத்தனை மூட்டை வரும்? பின்னால் உட்கார்ந்திருக்கிற தோழர் பத்து என்கிறார். இந்தப் பக்கம் பதினைந்து என்கிறார்கள்.

தரை 35 சதுர அடி. சுவர், கதவு போக ஏறக்குறைய 150 சதுர அடி. ஆக 185. டைல்ஸ் தனியாக வராது. முதுகில் ஒட்டியிருக்கிற சிமெண்ட் சாந்தையும் இழுத்துக்கொண்டுதான் வரும். சதுர அடிக்கு நாலரைக் கிலோ வையுங்கள். 830 கிலோ ஆகிறது. பழைய கக்கூஸ் கோப்பை, கை கழுவும் தொட்டி, அதைத் தாங்கிய கடப்பாக் கல் எல்லாம் சேர்த்து இன்னொரு 70 கிலோ. மொத்தம் 900 கிலோ. சிமெண்ட் சாக்கை வாய் வரைக்கும் நிரப்பினால் தூக்க முடியாது. மூட்டைக்கு 25 கிலோ என்று கட்டினால் 36 மூட்டை.

இது நாங்களே உடைத்து, கட்டி, எண்ணிப் பார்த்த கணக்கு. ஒரே ஒரு குளியலறைக்கு 36 மூட்டை. சமையலறை, பால்கனி, நடுவில் ஒரு சுவர் என்று போனால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மூட்டைகள் எங்கே போகின்றன, யார் தோளில் போகின்றன என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். கட்டட வேலை செய்கிறவர்கள் இதை ரப்பிஷ் என்பார்கள். அரசாங்கக் காகிதத்தில் கட்டுமான இடிபாட்டுக் கழிவு. நான் இரண்டு பெயரிலும் சொல்வேன்.

எங்கள் அம்மா ஒரு நகராட்சியில் 26 வருசம் தெருக் கூட்டியவர். நான் படித்து, வேலைக்கு வந்து, வங்கிக் கடனில் தென்சென்னையில் ஒரு பழைய அடுக்குமாடியில் மூன்றாவது மாடி வீட்டை நானும் வீட்டுக்காரரும் வாங்கினோம். லிஃப்ட் கிடையாது. வாங்கின கையோடு குளியலறைச் சுவரில் ஈரம் கசிந்தது. மேஸ்திரி கேட்ட தொகை எங்களிடம் இல்லை. வீட்டுக்காரர் கல்லூரி விடுமுறைகளில் கட்டட வேலைக்குப் போனவர். சாந்து பூசவும் டைல்ஸ் ஒட்டவும் அவருக்கு வரும். தம்பியையும் கூட்டிக்கொண்டு நாங்கள் மூன்று பேரே உளியும் சுத்தியும் எடுத்து இறங்கிவிட்டோம்.

உடைக்கிற சத்தம் கேட்டு குடியிருப்போர் சங்கச் செயலாளர் மேலே வந்தார். வயதானவர், நல்ல மனிதர். "எல்லாம் சரி மேடம், உடைச்சத என்ன பண்ணப் போறீங்க? காலைல குப்பை எடுக்க வர்ற அம்மாகிட்ட தினம் ரெண்டு ரெண்டு மூட்டையா குடுத்துடுங்க. அம்பது ரூபா குடுத்தா எடுத்துட்டுப் போயிடும்" என்றார்.

அவர் உதவி செய்கிற எண்ணத்தில் சொன்ன யோசனை இது. யாரையும் இழிவுபடுத்த நினைக்கவில்லை. அதனால்தான் அந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலேயே சாதி எப்படி வேலை செய்கிறது என்பது அதற்குள் இருக்கிறது.

முதலில் அந்த 'அம்மா'. கூப்பிடுவது அம்மா என்று. வினைமுற்று வரும்போது 'போயிடும்'. அஃறிணை. பேச்சுத் தமிழில் அது சகஜம்தானே என்பீர்கள். சகஜம்தான். யாருக்குச் சகஜம் என்று கவனியுங்கள். அதே மாடியில் குடியிருக்கிற பேராசிரியர் அம்மாவை யாரும் 'போயிடும்' என்று சொன்னதில்லை. அவர் 'போயிடுவாங்க'.

அடுத்தது அம்பது ரூபாய். தினம் இரண்டு மூட்டை என்றால் 50 கிலோ. 36 மூட்டைக்குப் பதினெட்டு நாள். அந்த அக்காவின் வேலை வீட்டுக் குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்கிப் போவது. அவருடைய பேட்டரி வண்டியில் இருக்கிற தொட்டிகள் அந்தக் குப்பைக்கு என்று செய்தவை. கல்லும் சாந்தும் ஏற்றுவதற்குச் செய்ததில்லை. உடைந்த டைல்ஸின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். சாக்கையும் கிழிக்கும், கையுறையையும் கிழிக்கும். அது அவருடைய வேலையே கிடையாது. அந்த அம்பது ரூபாய் கூலியும் கிடையாது. கூலி என்றால் பேரம் பேசலாம், போதாது என்று சொல்லலாம், சங்கம் வைத்துக் கேட்கலாம். இது 'காபித் தண்ணி குடிச்சுக்கோ' என்று கொடுக்கிற காசு. கிராமத்தில் அறுவடை முடிந்ததும் களத்தில் அள்ளிப் போடுவார்களே, அதன் நகரத்து உருவம்.

மூன்றாவது 'எடுத்துட்டுப் போயிடும்'. எங்கே? அந்த வாக்கியத்தில் இடம் கிடையாது. வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் மூட்டை உலகத்தை விட்டே மறைந்துவிடுகிற மாதிரி. நம்முடைய வீட்டுக்கு எல்லை உண்டு, எல்லைக்கு வெளியே இருப்பதற்குப் பெயர் கிடையாது. ஊர், சேரி என்று பிரித்த அதே கண்தான் இது. அழுக்கை வெளியே தள்ளினால் ஊர் சுத்தம். தள்ளின இடத்தில் மனிதர்கள் இருக்கிறார்களா என்று பார்க்கத் தேவையில்லை.

சரி, எங்கே போகிறது? மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, அந்த அக்காவின் வண்டி. வீட்டுக் குப்பையோடு கலந்து போகிற ரப்பிஷ் கடைசியில் குப்பைமேட்டுக்குப் போகிறது. சென்னைக்கு வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. இரண்டிலும் 1980களிலிருந்து நகரத்தின் குப்பை கொட்டப்பட்டது. வடசென்னையில் யார் குடியிருக்கிறார்கள் என்று இந்தக் கூட்டத்தில் நான் சொல்லவேண்டியதில்லை. அந்த மேட்டின் புகையைச் சுவாசித்தவர்கள் உழைக்கும் மக்கள், அதிலும் பெரும்பகுதி நம் மக்கள். போகிற வழியில் வண்டியில் கல் இருக்கிறதென்று மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்குகிறவரும் அதே அக்காதான். ஒப்பந்த வேலை என்றால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், வேலை தனியாருக்குக் கொடுக்கப்படுவதை எதிர்த்து ரிப்பன் மாளிகைக்கு முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். அந்தப் பெண்களின் கையில்தான் நாம் மூட்டையையும் அம்பது ரூபாயையும் கொடுக்கிறோம்.

இரண்டாவது வழி, மீன்பாடி வண்டி அல்லது குட்டியானை. நடைக்கு இவ்வளவு என்று பேசி அனுப்பிவிடுவது. எங்கள் மூட்டைகளை ஏற்ற வந்த குட்டியானைக்காரத் தம்பியிடம், மாநகராட்சி ஒதுக்கியிருக்கிற இடத்துக்குப் போகவேண்டும், நானும் கூட வருகிறேன் என்றேன். சிரித்துவிட்டார். "எதுக்குக்கா அவ்ளோ தூரம்? இருட்டினப்புறம் ஏரி ஓரமா தட்டிட்டுப் போயிடலாம். எல்லாரும் அங்கதான் தட்டுவாங்க." அவர்மேல் கோபப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. வாடகை பேசுகிறவர்கள் பக்கத்துத் தெரு தூரத்துக்குத்தான் காசு தருகிறார்கள். அந்தக் காசில் டீசல் போட்டு எட்டு, பத்து கிலோமீட்டர் போக முடியாது. ஏரி ஓரத்தில் தட்டுகிற குற்றம் அவருடைய தலையில். மிச்சமான காசு வீட்டுக்காரர் பையில்.

ஏரி ஓரம் என்றால் என்ன? தென்சென்னையின் மழைத் தண்ணீர் பல ஏரிகள் வழியாக வந்து சேருகிற இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அதன் ஒரு பகுதியை 2007-இல் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முன்பே பெரும் பகுதி குப்பைமேடாகவும், சாலையாகவும், அலுவலகக் கட்டடமாகவும் ஆகிவிட்டது. ஒரு டன் ரப்பிஷ் ஏறக்குறைய 700 லிட்டர் கொள்ளளவு இடத்தைப் பிடிக்கும். அத்தனை தண்ணீர் நிற்கவேண்டிய இடம் அது. ஒரு குளியலறைக்கு அவ்வளவு. ஒரு தெருவுக்கு? ஒரு நகரத்துக்கு?

நிற்க இடமில்லாத தண்ணீர் எங்கே போகும்? தாழ்ந்த இடத்துக்குப் போகும். தாழ்ந்த இடத்தில் யார் இருக்கிறார்கள்? நகரத்துக்கு நடுவிலிருந்து குடிசைகளைப் பிடுங்கி எறிந்தபோது மக்களைக் கொண்டுபோய் வைத்த கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எல்லாம் அந்தச் சதுப்பு நிலத்தைச் சுற்றித்தானே இருக்கின்றன. இன்னொன்றும் நடக்கிறது. ரப்பிஷுக்கு விலை உண்டு. மனை மேவுவதற்கு வாங்குவார்கள். காசு இருக்கிறவர் தன் மனையை மூன்றடி உயர்த்திக்கொள்வார். பக்கத்தில் உயர்த்த வசதியில்லாத வீடு தானாகவே பள்ளமாகிவிடும். அவருடைய தண்ணீர் இவருடைய அடுப்புக்குள் வரும். பள்ளம் இயற்கையாக இருந்தது என்று நினைக்காதீர்கள். பல இடங்களில் மேட்டை உண்டாக்கியதால்தான் பள்ளம் உண்டானது. பள்ளர், பறையர், அருந்ததியர் குடியிருப்புகளுக்கு இதைப் புதிதாக விளக்கவேண்டியதில்லை.

மூன்றாவது வழி கண்ணுக்கே தெரியாது. அதுதான் மிக மோசமானது. உடைத்து முடித்த பிறகு தரையில் தூளும் சிமெண்ட் குழம்பும் கிடக்கும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, விளக்குமாற்றால் தள்ளிக் குளியலறை ஓட்டைக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். சுத்தமாகிவிட்டது. அந்தக் குழம்பு குழாயின் வளைவிலும், கீழே இருக்கிற சேம்பரிலும் படிந்து இறுகும். சிமெண்ட் தண்ணீருக்குள்ளேயே இறுகக்கூடியது. மலம் கரையும், காகிதம் கரையும், இது கரையாது. நாலு மாதத்தில் சேம்பர் அடைத்துக்கொள்ளும். அப்போது செயலாளர் யாரைக் கூப்பிடுவார்? இறங்குகிற ஆளை.

அந்த ஆள் யார் என்பது இந்த நாட்டுக்கே தெரியும். சாக்கடையிலும் மலக்குழியிலும் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. அந்தத் தடை அரசுக்கும் நகராட்சிக்கும் மட்டும் பொருந்துவதல்ல. நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆளை இறக்குகிற எவருக்கும் பொருந்தும். குடியிருப்போர் சங்கத்துக்கும் பொருந்தும். முதல் குற்றத்துக்கே 2 வருசம் வரை சிறை, 2 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. உயிருக்கு விலையை உயர்த்திக்கொண்டே போகிறார்கள், இறக்குவது நின்றபாடில்லை. உங்கள் ஒரு வாளிச் சிமெண்ட் குழம்புக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால், உண்டு. குழாய் வழியாகவே சம்பந்தம் உண்டு.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்க்கலாம். இடிபாட்டுக் கழிவுக்கென்று தனி விதிகள் 2016 மார்ச்சில் வந்தன. வீட்டைப் பழுது பார்ப்பதும், மாற்றிக் கட்டுவதும்கூட அதில் அடக்கம். கழிவை உண்டாக்குகிறவர்தான் அதைச் சேர்த்து, பிரித்து, தன் இடத்திலேயே வைத்திருந்து, உரிய இடத்தில் ஒப்படைக்கவேண்டும். சாலையிலும் வடிகாலிலும் போடக்கூடாது. அதே வருசம் ஏப்ரலில் வந்த திடக்கழிவு விதிகளும் ரப்பிஷை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் தனியே வைக்கவேண்டும் என்றன. பிறகு 2025 ஏப்ரலில் புதிய இடிபாட்டு விதிகளை அறிவித்து, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்றார்கள். அதில் பெரிய கட்டுமானங்களுக்கு, அதாவது 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிறவர்களுக்கு, கழிவை மறுபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் பொறுப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் நம்மைப்போல் 36 மூட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். பெரிய லாரியை நிறுத்தி அபராதம் போடலாம். தினம் இரண்டு மூட்டையாகக் கரைகிற ரப்பிஷை எந்த அதிகாரியும் பிடிக்க முடியாது. அதைப் பிடிக்கவேண்டியது நம்முடைய மனசாட்சிதான்.

வழி இல்லாமல் இல்லை. சென்னை மாநகராட்சி 2025-இல் அறிவித்தபடி ஒரு டன் வரைக்கும் கட்டணம் கிடையாது. ஒரு டன்னுக்கு மேல் 20 டன் வரை டன்னுக்கு 2,500 ரூபாய், அதற்கும் மேல் 3,300 ரூபாய். 1913-க்குப் போன் செய்து கேட்கலாம். எங்களுடையது 900 கிலோ. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இந்தக் கழிவை அரைத்து, ஜல்லியாகவும் மணலாகவும் பிரிக்கிற ஆலைகள் இருக்கின்றன. இந்தியாவில் இப்படிப்பட்ட ஆலை முதலில் 2009-இல் டெல்லி புராரியில் வந்தது. அரைத்த ஜல்லியைக் கான்கிரீட்டில் சேர்க்கலாம் என்று இந்தியத் தர நிறுவனமே 2016-இல் திருத்திய ஐ.எஸ். 383-இல் அனுமதி கொடுத்திருக்கிறது. கம்பி போடாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, கம்பி போட்டதில் எம் 25 தரம் வரை 20 சதவீதம். ஆக, நாம் ஏரியில் தட்டுவது குப்பையே இல்லை. இன்னொரு கட்டடத்துக்கான சரக்கு. அதற்காக எங்கோ ஒரு மலையை வெடிவைத்து உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கல்குவாரியில் வேலை செய்கிறவர்கள் யார் என்று மறுபடியும் நான் சொல்லவேண்டுமா?

இனி வேலையைச் சொல்கிறேன். நாளைக்கு உங்கள் வீட்டிலோ, நண்பர் வீட்டிலோ உடைக்கும்போது உதவும்.

உடைக்கும் முன்பே மூட்டை எங்கே போகப்போகிறது என்று முடிவு செய்யுங்கள். இடம் தெரியாமல் உளியை எடுக்காதீர்கள். செலவுக் கணக்கு எழுதும்போது டைல்ஸ், சிமெண்ட், குழாய் என்று எழுதுகிறோமே, அதே தாளில் 'ரப்பிஷ் அகற்ற' என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி இல்லாத கணக்கில் விடுபட்ட பணத்தை வேறொருவர் உடம்பு கட்டுகிறது.

உடைக்கும்போதே பிரியுங்கள். பித்தளைக் குழாய், இரும்பு, வயர் எல்லாம் காயலான் கடைக்கு. மரக் கதவு, சட்டம் தனியாக. முழுசாக வந்த செங்கல்லைச் சுரண்டி வைத்தால் யாருக்காவது உதவும். டைல்ஸ், சாந்து, கான்கிரீட் ஒன்றாக மூட்டைக்குள். பெயிண்ட் டப்பா, டியூப் லைட், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் துண்டு எதையும் அதில் கலக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸை உடைக்கவே கூடாது, அதன் நார் நுரையீரலில் போய் உட்காரும்.

தண்ணீர் தெளித்து உடையுங்கள். டைல்ஸிலும் சிமெண்டிலும் சிலிக்கா உண்டு. அந்தத் தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997-லேயே சொல்லிவிட்டது. கைக்குட்டை கட்டினால் போதாது, என் 95 முகமூடி போடுங்கள். பழைய சுவரின் பெயிண்டைச் சுரண்டும்போதும் கவனம். வீட்டு பெயிண்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்ததில் ஈயம் அதிகம் இருக்கலாம். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

குளியலறை ஓட்டையைத் துணி வைத்து அடைத்துவிட்டு வேலை தொடங்குங்கள். மிஞ்சிய சிமெண்ட் குழம்பை ஒரு பழைய வாளியில் விட்டு இறுக விடுங்கள். மறுநாள் கட்டியாகத் தட்டி எடுத்து மூட்டையில் போடலாம். கரண்டி, பாண்டு கழுவிய தண்ணீரையும் அதே வாளியில் தெளிய விடுங்கள். இரண்டு நாள் பொறுமைதான் செலவு. ஒரு மனிதர் சேம்பருக்குள் இறங்கவேண்டிய காரணம் ஒன்று குறைகிறது.

சாக்கை இரண்டாகப் போடுங்கள், ஒன்று கிழிந்தாலும் மற்றது தாங்கும். வாயை இறுக்கிக் கட்டுங்கள். 25 கிலோவுக்கு மேல் வேண்டாம். மொட்டை மாடியிலோ பால்கனியிலோ குவித்து வைக்காதீர்கள், தளம் பாரம் தாங்காது. பிறகு இறக்குங்கள். நாங்கள் மூன்று பேர், ஆளுக்குப் பன்னிரண்டு நடை. ஒரு நடைக்கு 60 படி. கடைசி இரண்டு நடையில் என் முழங்கால் நடுங்கியது. அக்கம்பக்கத்தார் கதவைத் திறந்து பார்த்தார்கள். வீட்டுக்காரி தலையில் மூட்டையா என்று ஒரு பார்வை. உடைக்கும்போது இப்படி யாரும் பார்க்கவில்லை. "சொந்தமா செய்றீங்களா, சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான். சுத்தியைப் பிடித்தால் பெருமை, அதே கை மூட்டையைத் தூக்கினால் கேவலம். ஒரே வேலையின் இரண்டு பாதி. எந்தப் பாதியில் தீட்டு ஒட்டிக்கொள்கிறது பாருங்கள்.

அம்பேத்கர் 1936-இல் எழுதிய 'சாதியை அழித்தொழித்தல்' நூலைப் படித்திருப்பீர்கள். சாதி வெறும் வேலைப் பிரிவினைதானே என்று வாதாடியவர்களுக்கு அவர் அதில் பதில் சொல்லியிருக்கிறார். பிரிக்கப்பட்டது வேலை மட்டுமில்லை, வேலை செய்கிற மனிதர்களே மேல் கீழாகப் பிரிக்கப்பட்டார்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அந்த வாதத்தைப் புத்தகத்துக்கு வெளியே பார்க்கவேண்டுமென்றால் ஒரு அடுக்குமாடியின் படிக்கட்டில் ரப்பிஷ் மூட்டையோடு இறங்கிப் பாருங்கள்.

ஒரு மறுப்பு வரும். ஒரு தோழர் ஏற்கெனவே என்னிடம் கேட்டார்: "ஏழைக்கு அம்பது ரூபா வர்றதையும் நீங்க கெடுக்கிறீங்களே?" நியாயமான கேள்வி. முதுகு வலியோ வயதோ இருந்தால் எல்லாராலும் மூட்டை தூக்க முடியாது. அப்போது ஆள் வையுங்கள். ஆனால் சுமை வேலைக்கு என்று பேசி, சுமைக் கூலி கொடுத்து வையுங்கள். எத்தனை மூட்டை, எத்தனை மாடி, எவ்வளவு கூலி என்று முன்னாலேயே பேசுங்கள். கையுறையும் முகமூடியும் உங்கள் செலவு. குடிக்கத் தண்ணீரை உங்கள் வீட்டு டம்ளரில் கொடுங்கள். வண்டிக்காரருக்குக் கொட்டுகிற இடம் வரைக்கும் போகிற வாடகை கொடுத்து, முடிந்தால் கூடப் போங்கள். கேட்டுக் கொடுக்கிற கூலிக்கும் போட்டுக் கொடுக்கிற காசுக்கும் உள்ள வித்தியாசம் நம் மக்களுக்கு நன்றாகத் தெரியும். பண்ணையத்திலிருந்து வெளியே வந்த போராட்டமே அதைப் பற்றியதுதான்.

இன்னொரு பக்கமும் எச்சரிக்கை வேண்டும். நான் சொல்வது சேவை இல்லை. அழுக்கு அள்ளுவது புனிதமான தொண்டு என்று சொல்லி, அள்ளுகிறவனை அங்கேயே உட்கார வைத்த காந்தியப் பேச்சு நமக்கு வேண்டாம். எங்கள் அம்மா அந்த வேலையில் ஒரு புனிதத்தையும் பார்க்கவில்லை. மூச்சிரைப்பைத்தான் பார்த்தார். மூட்டை தூக்குவதால் நான் உயர்ந்துவிடவும் இல்லை, தாழ்ந்துவிடவும் இல்லை. நான் உடைத்தேன், நான் இறக்கினேன். கணக்கு தீர்ந்தது. அவ்வளவுதான்.

தனி ஆள் ஒழுங்காக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. இயக்கமாகக் கேட்கவேண்டியவை இருக்கின்றன. ஒவ்வொரு வார்டிலும் மீன்பாடி வண்டி போய்ச் சேருகிற தூரத்தில் ரப்பிஷ் ஒப்படைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் வழக்கம்போல் நம் குடியிருப்புக்குப் பக்கத்தில் வரக்கூடாது. மக்களைக் கேட்டு முடிவு செய்யவேண்டும். இலவசம் எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று தமிழில் பலகை வைக்கவேண்டும். அங்கே ஏற்றி இறக்கும் தொழிலாளருக்கு நிரந்தர வேலையும் பாதுகாப்புக் கருவியும் வேண்டும். வீட்டுக் குப்பை எடுக்கிறவர் கையில் ரப்பிஷ் கொடுப்பது குற்றம் என்று ஒவ்வொரு அடுக்குமாடி வாசலிலும் எழுதி வைக்கவேண்டும். "இது என் வேலை இல்லை" என்று அந்த அக்கா சொன்னால், அதற்காக அவருடைய வேலை போகாது என்கிற உத்தரவாதம் வேண்டும்.

இங்கே இருக்கிற மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் விடுதியிலோ கல்லூரியிலோ அடுத்த முறை எதையாவது இடிக்கும்போது, ஒப்பந்தக்காரரிடம் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். இது எங்கே போகிறது? தூக்குகிறவருக்கு என்ன கூலி? பதில் வரும் வரைக்கும் கேளுங்கள். பதில் வந்தால், வண்டிக்குப் பின்னாலேயே சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பார்த்ததை எழுதிக் கொண்டுவாருங்கள். அடுத்த கூட்டத்தில் அதையே வாசிக்கலாம்.